13 மில்லிமீட்டர் ஜெர்ரி கேன்: ஒரு கறையின் கேஸ் ஹிஸ்டரி

1/
என் மேசையில ஒரு ஜெர்ரி கேன் இருக்கு. உயரம் 13 மில்லிமீட்டர். வெள்ளை ஸ்டைரீன் ஷீட்டை வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, துரு, தூசி எல்லாம் போட்டு நானே செஞ்சது. நைட் டூட்டி இல்லாத ராத்திரிகள்ல இதுதான் என் பொழுதுபோக்கு.

முதல் கேன் செஞ்ச பெருமையில மறுநாள் அதை ஒரு மாத்திரை டப்பாவுல வெச்சு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். ஜெனரேட்டர் பாத்துக்குற அண்ணன்கிட்ட காட்டினேன். தினமும் டீசல் கேன் தூக்குறவர். உள்ளங்கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"நல்லாருக்கு டாக்டர். ஆனா இது யாருமே தூக்காத கேன்."

2/
எனக்குப் புரியல. அவரே சொன்னார்: "உடம்பு பூரா துரு போட்டிருக்கீங்க. கைப்பிடியில பெயிண்ட் புதுசா மின்னுது. கை படாம ஒரு கேன் எப்படி டாக்டர் பழசாகும்?"

அன்னிக்கு ராத்திரி உக்காந்து இந்தக் கேனோட வரலாறைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பெட்ரோல், போர், சாம்பிராணி எல்லாம் வரும். கடைசியில நான் கோட்டை விட்ட ஒரு கேஸும் வரும். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

3/
முதல்ல நிஜ கேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பெட்ரோல் கொண்டுபோனது தகர டின்களில். 4 கேலன், அதாவது சுமார் 18 லிட்டர். நம்ம ஊர் எண்ணெய் டின்னை நினைச்சுக்கோங்க. சிப்பாய்கள் அதுக்கு வெச்ச பேர் 'ஃப்ளிம்ஸி'. தொட்டா நசுங்கும்னு அர்த்தம்.

லாரியில குலுங்குனா மூலையில ஒழுகும். கல்லு குத்துனா ஓட்டை. கிடங்கிலிருந்து வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் 30 சதவீதம் வரை பெட்ரோல் வீணானது என்று மத்திய கிழக்குப் படைத் தளபதியாக இருந்த ஆக்கின்லெக்கே குறிப்பிட்டிருக்கிறார்.

4/
30 சதவீதம்னா என்ன அர்த்தம்? 10 லாரி பெட்ரோல் கிளம்புனா 3 லாரி மண்ணுக்குப் போகுது. அந்த 3 லாரியை ஓட்டிட்டு வந்த டிரைவர் உயிரைப் பணயம் வெச்சது வீண். அந்தப் பாலைவனத்துல 4வது இந்திய டிவிஷன் இருந்துச்சு. அதுல நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தாங்க. ஒழுகுன ஒவ்வொரு டின்னும் அவங்க தலையிலயும்தான் விடிஞ்சிருக்கும்.

காலி ஃப்ளிம்ஸிக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் இருந்துச்சு. பாதியா வெட்டி, மணல் போட்டு, பெட்ரோல் ஊத்திப் பத்த வெச்சா டீ போடுற அடுப்பு.

5/
எதிர்ப்பக்கம் ஜெர்மன்காரங்ககிட்ட வேற ஒரு கேன் இருந்துச்சு. 20 லிட்டர். 1930களில் ராணுவம் கேட்டபடி வடிவமைக்கப்பட்டது. ஷ்வெல்ம் ஊரில் இருந்த முல்லர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் 1937ல் கொடுத்த வடிவம்.

அதோட உடற்கூறு ஒவ்வொண்ணா பாருங்க:

இரண்டு பாதித் தகடுகளை அழுத்தி வடிவாக்கி, நடுவில் ஒரே வெல்டிங். அந்த வெல்டிங் உள்வாங்கி இருக்கும். அதனால கீழ போட்டாலும் அடி அதுமேல விழாது.

பக்கவாட்டில் எக்ஸ் வடிவப் பள்ளம். தகடுக்குப் பலம். வெயில்ல உள்ள இருக்குற பெட்ரோல் விரிஞ்சாலும் தாங்கும்.

6/
மேல மூணு கைப்பிடி. ஏன் மூணு? ஒரு ஆள் தூக்குனா நடுப்பிடி. ரெண்டு பேர் சேர்ந்து தூக்குனா ஆளுக்கு ஒரு ஓரப்பிடி. வரிசையா நின்னு கைமாத்தும்போதும் அப்படித்தான். காலி கேன்னா ரெண்டு கேனைப் பக்கத்துல வெச்சு, ஒட்டி நிக்குற ஓரப்பிடிகளைச் சேர்த்துப் பிடிச்சா ஒரு கைக்கு ரெண்டு, மொத்தம் நாலு.

மூடிக்கு நெம்புகோல். திறக்க ஸ்பேனர் வேண்டாம், ஊத்தப் புனல் வேண்டாம். உள்ள காத்துக் குழாய் இருக்கு, அதனால 'குளுக் குளுக்'னு திக்காம சீரா ஊத்தும். மேல் பக்கம் காத்து தேங்குற இடம் இருக்குறதால தண்ணியில விழுந்தாலும் நிறைஞ்ச கேன் மிதக்கும்.

7/
இதுல நம்ம நாட்டுக்கும் ஒரு சின்ன பங்கு உண்டு. பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1939ல் ஒரு ஜெர்மன் நண்பரோடு பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் கிளம்பினார். வழியில் தண்ணி வெச்சுக்க ஏற்பாடு இல்லைன்னு, அந்த நண்பர் டெம்பல்ஹாஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து மூணு கேனைத் தூக்கிட்டு வந்துட்டார். அது ராணுவ ரகசியம்!

ப்ளைஸ் கல்கத்தா வந்து, காரை அங்கயே விட்டுட்டு ஊர் திரும்பினார். இந்தக் கேனைப் பத்தி அமெரிக்க ராணுவத்துக்கிட்ட சொன்னார். சாம்பிள் இல்லாம யாரும் காதுல போட்டுக்கல. அப்புறம் கார் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்தது. கேனும் கூடவே.

8/
பாத்துட்டு அமெரிக்கா என்ன பண்ணுச்சு? காப்பி அடிச்சுது, ஆனா வெல்டிங்கை எடுத்துட்டு மடிப்புத் தையல் போட்டுச்சு. ஒழுகுச்சு. திறக்க ஸ்பேனர், ஊத்தப் புனல் ரெண்டும் மறுபடி தேவைப்பட்டுச்சு. முக்கியமான மூணு விஷயத்துல ரெண்டை விட்டுட்டு வடிவத்தை மட்டும் எடுத்தா இப்படித்தான்.

பிரிட்டிஷ்காரங்க கைப்பற்றின ஜெர்மன் கேனை வெச்சே பல மாசம் ஓட்டினாங்க. பிறகு அதை அப்படியே அச்சு அசலாக தயாரிச்சாங்க. ஜெர்மன்காரனுக்கு அவங்க வெச்ச கேலிப்பேர் 'ஜெர்ரி'. கேனுக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. 1945 மே மாதத்துக்குள் ஏறக்குறைய 2 கோடி கேன்கள் தேவைப்பட்டன. அந்த டிசைன் இன்னிக்கும் எங்க ஜெனரேட்டர் ரூம்ல இருக்கு.

9/
இப்ப என் கேனுக்கு வரேன். அதோட மூலப்பொருள் ஸ்டைரீன். இந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? எங்க ட்ரெஸ்ஸிங் ட்ராலியிலிருந்துன்னு சொல்லலாம்!

ஊசி போட்டு டெஸ்ட் எடுத்த இடத்துல பழுப்பா, பிசுபிசுன்னு, கோயில் வாசனையோட ஒரு மருந்தைப் பஞ்சுல தொட்டு ஒட்டுவோம். டிங்சர் பென்சாயின். பென்சாயின்னா நம்ம சாம்பிராணி. அந்த மரத்தோட தாவரவியல் பேர் ஸ்டைராக்ஸ். இந்த டிங்சரோட பழைய ஃபார்முலாவுல சாம்பிராணி கூட 'ஸ்டோராக்ஸ்'னு இன்னொரு மரப்பிசினும் சேரும்.

10/
1839ல் பெர்லினில் எடுவார்ட் சிமோன் என்ற மருந்து தயாரிப்பாளர் அந்த ஸ்டோராக்ஸைக் காய்ச்சி வடிச்சார். ஒரு எண்ணெய் கிடைச்சது. 'ஸ்டைரோல்'னு பேர் வெச்சார். சில மாசம் கழிச்சுப் பாத்தா எண்ணெய் ஜெல்லி மாதிரி கெட்டியாயிருக்கு. காத்துல இருக்குற ஆக்ஸிஜன் சேர்ந்துடுச்சுன்னு நினைச்சார். அது தப்பு. 1845ல் ப்ளைத், ஹாஃப்மன் இருவரும் ஆக்ஸிஜன் இல்லாமலே அது நடக்கும்னு காட்டினாங்க.

சின்ன மூலக்கூறுகள் ரயில் பெட்டி மாதிரி கைகோத்து நீளச் சங்கிலி ஆகுதுன்னு 1920ல் ஸ்டாடிங்கர் சொன்னார். பல வேதியியலாளர்கள் நம்பல. 1953ல் அவருக்கு நோபல் பரிசு. அந்தச் சங்கிலிதான் பாலிஸ்டைரீன்.

11/
1930களில் ஜெர்மனியில் தொழிற்சாலைத் தயாரிப்பு ஆரம்பம். போருக்குப் பிறகு விலை சரிஞ்சது. 1952ல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 'கோல்டன் ஹிண்ட்' கப்பலை பாலிஸ்டைரீன் கிட்டாக, ப்ளாஸ்டிக் பையில் போட்டு, வுல்வொர்த்ஸ் கடைகள்ல 2 ஷில்லிங்குக்கு வித்துச்சு. பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு சாதாரண வீட்டுப் பையன் கைக்கு வந்தது அப்படித்தான்.

ஜப்பானில் ஷிசுவோகா ஊரில் மரக்கடையா ஆரம்பிச்ச டாமியா, 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கி கிட் போட்டுச்சு. உள்ள மோட்டாரும் பேட்டரியும் அடங்கணுமேன்னு பாத்து உடம்பை வரைஞ்சாங்க. கணக்கு போட்டா அளவு 35ல் ஒரு பங்கு வந்துச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க ராணுவ மாடல்களின் அளவு 1/35 ஆனதுக்குப் பேட்டரிதான் காரணம்.

12/
கிட்ல இருக்குற பாகம் சரியில்ல, இல்லவே இல்லன்னா, வெறும் ஷீட்டிலிருந்து நாமே செய்யணும். அதுக்குப் பேர் ஸ்க்ராட்ச் பில்டிங். மாடல் ரயில்காரங்க இதுல முன்னோடிகள்.

என் கேனுக்குக் கணக்கு எளிசு. நிஜ கேன் சுமார் 47 செ.மீ உயரம், 34.5 அகலம், 16.5 கனம். 35ஆல் வகுத்தா 13.4, 9.9, 4.7 மி.மீ. 2 மி.மீ ஷீட்டுல ரெண்டு துண்டு. நடுவுல 0.5 மி.மீ துண்டு ஒண்ணு, நாலு பக்கமும் ஒரு நூல் சின்னதா. மூணையும் ஒட்டுனா அந்த உள்வாங்குன வெல்டிங் தானா கிடைச்சுடும்.

13/
வெட்ட நம்பர் 11 சர்ஜிக்கல் பிளேடு (கடையில காசு கொடுத்து வாங்குனது, வார்டு ஸ்டாக் இல்லைங்க!). ஸ்டைரீனை முழுசா அறுக்க வேண்டாம். ரெண்டு மூணு தடவை கோடு கிழிச்சு மடக்குனா 'டக்'னு உடையும். கைப்பிடிக்கு மெல்லிய பட்டை மூணு. எக்ஸ் பள்ளத்தை மழுங்குன ஊசியால மெதுவா கீறணும்.

ஷீட் கிடைக்கலையா? ப்ளாஸ்டிக் கப்புகளோட அடியில முக்கோணத்துக்குள்ள 6ன்னு போட்டிருந்தா அது பாலிஸ்டைரீன். கழுவிக் காய வெச்சு வெட்டிக்கலாம்.

14/
இப்ப அழுக்கு. இந்தக் கலைக்குப் பேர் வெதரிங். வெயில், மழை, கை, கால் பட்ட அடையாளத்தை மாடல்ல கொண்டுவர்றது.

கலிஃபோர்னியாவின் மான்டெரியில் ஜான் ஆலன்னு ஒரு புகைப்படக்காரர். வீட்டின் அடித்தளத்தில் பெரிய மாடல் ரயில் உலகமே கட்டினார். பளபளப்பான பொம்மை ரயில் காலத்துல, அவர் எஞ்சினுக்குக் கரியும் கூரைக்குத் துருவும் போட்டார். 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். சில நாளிலேயே அந்த மாடல் தீ விபத்தில் போயிடுச்சு. மிஞ்சினது பெரும்பாலும் புகைப்படங்கள்தான்.

15/
1965ல் பிரிட்டனில் 'தண்டர்பேர்ட்ஸ்' தொடர். பொம்மை ராக்கெட்டும் பொம்மை லாரியும் டிவியில பொம்மையாவே தெரிஞ்சுடுமேன்னு, டெரெக் மெடிங்ஸ் குழு கடையில வாங்குன கிட் பாகங்களை மேல ஒட்டி, பிறகு எல்லாத்தையும் அழுக்காக்கினாங்க. 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' விண்கலங்களும் அதே வழி. டாங்கி கிட் துண்டுகள் விண்கலத்து மேல ஒட்டி, எண்ணெய்க் கறை போட்டு எடுத்தது.

1970களில் ஷெப்பர்ட் பெய்ன் என்ற அமெரிக்கர் மோனோகிராம் கிட்களுக்காக சின்னச் சின்ன போர்க்களக் காட்சிகள் செஞ்சார். எப்படி செஞ்சேன்னு ஒரு தாளில் எழுதி கிட் பெட்டிக்குள்ளயே போட்டாங்க. அதைப் படிச்சு ஒரு தலைமுறையே கத்துக்கிச்சு.

16/
டெக்னிக் எல்லாம் சுலபம்தான்.

வாஷ்: தண்ணி மாதிரி கரைச்ச கரும்பழுப்பு பெயிண்ட். பள்ளத்துல தானா ஓடி நிக்கும்.

ட்ரை பிரஷ்: தூரிகையில பெயிண்டைத் துடைச்சுட்டு, மிச்சத்தை ஓரங்கள்ல மட்டும் தேய்க்குறது.

ஹேர் ஸ்ப்ரே: துரு நிறம், அதுமேல ஹேர் ஸ்ப்ரே, அதுமேல அக்ரிலிக் பெயிண்ட். ஈரம் பண்ணித் தேச்சா மேல் பெயிண்ட் சில்லு சில்லா உரியும், அடியில துரு தெரியும்.

முதல் கேன்ல இது மூணையும் எல்லா இடத்துலயும் போட்டேன். டெக்னிக் தெரியும். காரணம் தெரியல. அதைத்தான் ஜெனரேட்டர் அண்ணன் பிடிச்சார்.

17/
ரெண்டாவது கேனுக்கு முன்னாடி ஜெனரேட்டர் ரூம்ல ஒரு மணி நேரம் நின்னு வேடிக்கை பாத்தேன். ஒரு பேஷண்ட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ற மாதிரி.

நடுப்பிடியில பெயிண்ட் போய் இரும்பு வழவழன்னு இருக்கு. துரு இல்ல, ஏன்னா தினமும் கை தேய்க்குது. அடி விளிம்புல சில்லு சில்லா உரிஞ்சிருக்கு, சிமெண்ட் தரையில 'டொக்'குன்னு வைக்குறதால. மூடிக்குக் கீழ ஊத்துற பக்கம் மட்டும் கறுப்பா ஒரு வழிசல், அதுமேல தூசி அப்பியிருக்கு. எக்ஸ் பள்ளத்துல மண். பின்பக்கம் சுத்தம்.

18/
டீசல் கறை தங்கி தூசியைப் பிடிக்கும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், போற வழியில தூசியைக் கழுவிட்டுப் போகும். அதனால பாலைவனத்து பெட்ரோல் கேன்ல அந்த வழிசல் சுத்தி இருக்குற இடத்தை விட சுத்தமா, கருமையா இருக்கணும். மழையே இல்லாத இடத்துல கேன் பூரா துரு வராது.

அளவும் முக்கியம். என் கேன்ல 1 மி.மீ சில்லுன்னா நிஜத்துல 3.5 செ.மீ. அவ்ளோ பெருசா பெயிண்ட் போகணும்னா கேன் லாரியிலிருந்து விழுந்திருக்கணும்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்கணும். ஹிஸ்டரி இல்லாத கறை வெறும் பெயிண்ட்.

19/
இப்ப ஒரு டாக்டரா நான் சொல்லியே ஆக வேண்டிய பகுதி. பசை.

ஸ்டைரீனை ஒட்டுற பசை ஃபெவிகால் மாதிரி இல்ல. அது ரெண்டு பக்கத்தையும் கரைச்சு ஒண்ணாக்கும், ஒரு வகை வெல்டிங். அந்தக் கரைப்பான் அந்தக் காலத்துல பெரும்பாலும் டொலுவீன். 1959, 60 வாக்கில் அமெரிக்காவில் சிறுவர்கள் மாடல் பசையைப் பையில ஊத்தி முகர்றாங்கன்னு செய்திகள் வர ஆரம்பிச்சது. 1969ல் டெஸ்டர்ஸ் நிறுவனம் தன் பசையில கடுகு எண்ணெயின் காரப்பொருளைச் சேர்த்துச்சு. முகர்ந்தா மூக்கு எரியும், கண்ணு கலங்கும்.

20/
1970ல் மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர், இப்படிக் கரைப்பான்களையும் ஸ்ப்ரேக்களையும் முகர்ந்து திடீர்னு இறந்த 110 இளம் வயதினரைப் பத்தி எழுதினார். இந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு அதீதமா துடிக்க வைக்கும். பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு தாறுமாறாகி நின்னுடலாம்.

அதனால ஒரு பையன் முகர்றதைப் பாத்தா கத்தாதீங்க, துரத்தாதீங்க. நிதானமா பக்கத்துல போங்க, காத்தோட்டமான இடத்துல உக்கார வைங்க.

21/
இப்ப அந்தக் கேஸ். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

இருபது வயசுக்குக் கீழ ஒரு பையன். சைக்கிள் கடையில வேலை. காலையில எந்திரிச்சா கால் வரல. தூக்கிட்டு வந்தாங்க. பொட்டாசியம் ரொம்பக் குறைவு. சரி, அடிக்கடி பாக்குற பொட்டாசியம் பக்கவாதம்னு முடிவு பண்ணேன். பொட்டாசியம் ஏத்தினோம், எந்திரிச்சு நடந்தான், அனுப்பிட்டோம். அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ஒரு மாசம் கழிச்சு மறுபடி அதே பையன். இந்தத் தடவை மூச்சும் திணறல்.

22/
எங்க சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க மெதுவா வந்து சொன்னாங்க: "சார், அந்தப் பையன் சட்டைக் கையைப் பாத்தீங்களா?"

பாத்திருந்தேன். முதல் தடவையே பாத்திருந்தேன். சட்டைக் கை நுனியில மஞ்சளா, காஞ்சு, பாளம் பாளமா ஒரு கறை. சைக்கிள் கடைப் பையன்தானே, கடை அழுக்குன்னு விட்டுட்டேன். ஆனா ஒட்டு போடுறவனுக்குப் பசை விரல்ல இருக்கணும். சட்டைக் கை நுனியில, அதுவும் ஒரே கையில ஏன்? மூக்கைச் சுத்தி, உதட்டைச் சுத்தி தோல் சிவந்து உரிஞ்சிருந்துச்சு. அதையும் பாத்து, கேக்காம விட்டிருக்கேன்.

23/
ரத்தத்துல அமிலம் ஏறியிருந்துச்சு. சிறுநீர்ல அந்த அமிலம் வெளியேறல. அம்மாவை வெளிய அனுப்பிட்டு, திட்டாம, தனியா கேட்டோம். பங்க்சர் சொல்யூஷனை சட்டைக் கையில ஊத்தி முகர்றான். பல மாசமா.

டொலுவீன் சிறுநீரகத்தோட குழாய்களைப் பாதிக்கும். உடம்பு பொட்டாசியத்தை சிறுநீர்ல கொட்டிக்கிட்டே இருக்கும். நான் ஏத்துனது ஓட்டை டின்னுக்குத் தண்ணி. அமிலத்தைப் பாத்த உடனே பைகார்பனேட் போட்டா பொட்டாசியம் இன்னும் இறங்கும், அதனால பொட்டாசியத்தை முதல்ல சரி பண்ணி, பெரிய டாக்டர்களோட சேர்ந்து மெதுவா மீட்டோம். பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். இப்ப ஃபாலோ அப்ல வர்றான், வேலையும் மாறிட்டான்.

24/
அந்தப் பையன் தப்பிச்சதுக்குக் காரணம் நான் இல்ல, அந்த சிஸ்டர். ஜெனரேட்டர் அண்ணன் ஒரு கேன்ல பாத்ததை அவங்க ஒரு சட்டையில பாத்தாங்க. நான் ரெண்டு தடவையும் கறையைப் பாத்தேன், காரணத்தைக் கேக்கல.

இப்பெல்லாம் ஓபியில எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஒரு கேள்வியை விடுறதில்ல: "இது எப்படி வந்துச்சு?" கையில தழும்பு, காலில் கறுப்பு, சட்டையில கறை, எதுவா இருந்தாலும். பாதி நேரம் பதில் ஒண்ணும் இருக்காது. பரவாயில்ல.

25/
மாடல் செய்ய ஆசைப்படுறவங்களுக்கு: ஜன்னலைத் திறந்து வெச்சு ஒட்டுங்க. பாட்டில் மூடியை உடனே மூடுங்க. டொலுவீன் இல்லாத பசைகள் இப்ப கிடைக்குது, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில செஞ்சதும் இருக்கு. ஷீட்டைத் தேய்க்கும்போதும் பவுடர் நிறமி போடும்போதும் மாஸ்க் போடுங்க. சின்னப் பசங்க செஞ்சா பக்கத்துல உக்காருங்க.

பெற்றோருக்கு: பசை வாசனை, மூக்கைச் சுத்திப் புண்ணு, சட்டைக் கையில கறை, காரணமில்லாத தள்ளாட்டம் இருந்தா அடிக்காதீங்க, அழைச்சுட்டு வாங்க. போதை மீட்பு உதவி எண் 14446. குழந்தைகளுக்கு 1098. நானும் என் சகாக்களும் திட்ட மாட்டோம்.

26/
மூணாவது கேனை போன வாரம் முடிச்சேன். நடுப்பிடி இரும்பு தெரிய தேஞ்சிருக்கு. ஓரப்பிடி ரெண்டுலயும் லேசா. அடியில சில்லு. மூடிக்குக் கீழ ஒரு வழிசல்.

ஜெனரேட்டர் அண்ணன்கிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தார்.

"இதைத் தூக்குறவன் இடது கைக்காரனா டாக்டர்?"

வழிசலை ஒரு பக்கமா சாய்ச்சுப் போட்டிருக்கேன். நான் இடது கைக்காரன். அதை யோசிச்சுக்கூட செய்யல.

உங்க வீட்டுப் பழைய டின், கேன், ட்ரங்க் பெட்டி ஏதாவது இருந்தா, அதுல எந்த இடம் ஏன் தேஞ்சிருக்குன்னு பாத்து கீழ எழுதுங்க. அடுத்த மாடலுக்கு எனக்கு உதவும்.